வலிய ஆளுமை என்பது யாது?

ஒருவரைக் குறித்து 'வலுவான ஆளுமை படைத்தவர்' என்று நாம் பேசும்போது, நம் மனத்தில் எழுகிற சித்திரம் பெரும்பாலும் ஒன்றுதான்: உரத்த குரல், நிமிர்ந்த நடை, பிறர் பேச்சை இடைமறித்துத் தம் சொல்லை நிலைநாட்டும் வேகம், ஒருமுறை முடிவு செய்துவிட்டால் எவர் சொன்னாலும் இறங்கி வராத பிடிவாதம். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் முந்திய தலைமுறையினருக்கு இந்தச் சித்திரத்தைக் கற்பிக்க வேறு ஆசான் வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக்காரத் துரையின் அதட்டலும், கிராணி என்னும் கணக்கரின் பேனாவும், தண்டல் என்னும் மேற்பார்வையாளரின் வசவும், அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆளுமையும் இருக்கிறது என்னும் பாடத்தை நாள்தோறும் விடியுமுன்னே போதித்து வந்தன. இந்தப் பாடம் பிழையானது என்பதையும், மனிதனுடைய சுபாவத்தின் வலிமையை அளப்பதற்கு வேறொரு அளவுகோல் உண்டு என்பதையும், மனோதத்துவ சாஸ்திரத்தின் துணைகொண்டும் இதே பேராக் மண்ணின் சரித்திரத்தைச் சாட்சியாக வைத்தும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சுபாவம் என்பதை விஞ்ஞானிகள் எவ்வாறு அளக்கிறார்கள் என்று பார்ப்போம். 1936ஆம் ஆண்டில் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், பெரிய ஆங்கில அகராதி ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை ஆராய்ந்து, மனிதருடைய நடத்தையையும் இயல்பையும் வேறுபடுத்திக் காட்டும் சொற்களை ஏறத்தாழ 18,000 எனத் தொகுத்தார்கள். அவர்களுக்குப் பின்வந்தவர்கள், ஒருவரிடம் ஒரு குணம் மிகுந்திருந்தால் வேறு எந்தக் குணங்களும் கூடவே மிகுந்திருக்கின்றன என்பதைக் கணித முறையால் கண்டு, அந்தப் பெருந்திரளைப் படிப்படியாகச் சுருக்கி, இறுதியில் ஐந்து பெருங்குணங்களாக வகுத்தார்கள். புதியனவற்றை நாடும் மனவிரிவு, கடமையில் ஒழுங்கு, பிறரோடு கலந்து பேசிச் செயற்படும் புறநோக்கு, பிறர் நலத்துக்கு இசைந்து போகும் இணக்கம், எளிதில் கலங்கிவிடும் மனச்சஞ்சலம் ஆகியவை அவ்வைந்து. ஒவ்வொருவரிடமும் இவ்வைந்தும் உண்டு, அளவில்தான் பேதம்.

இந்த வகுப்பில் உரத்த குரலுக்கும் ஆதிக்க நாட்டத்துக்கும் கிடைத்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. அது புறநோக்கு என்னும் ஒரு பெருங்குணத்தின் ஒரு கிளை மாத்திரமே. அதட்டிப் பேசுகிற ஒருவர் கடமையில் ஒழுங்கற்றவராக இருக்கலாம். நெருக்கடி வந்தால் முதலில் கலங்குபவராகவும் இருக்கலாம். ஆகவே, ஒரு கிளையைக் கண்டு அதையே மரம் என்று எண்ணிவிடுகிற தவற்றைத்தான், 'வலிய ஆளுமை' என்று அடங்காத வாயைப் புகழும்போதெல்லாம் நாம் செய்கிறோம்.

ஆனால் சாஸ்திரம் இந்த இடத்தில் நின்றுவிடவில்லை. 1968ஆம் ஆண்டில் வால்ட்டர் மிஷெல் என்னும் அறிஞர், மனோதத்துவ உலகையே அதிரவைத்த ஒரு கேள்வியை எழுப்பினார். குணம் என்று ஒன்று உண்மையாகவே மனிதனுக்குள் நிலையாக உறைகிறதென்றால், ஓரிடத்தில் நேர்மையாக நடந்தவன் மற்றோரிடத்திலும் நேர்மையாக நடக்கவேண்டுமல்லவா? அதுவரை வெளிவந்திருந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒருவருடைய குணத்தின் அளவுக்கும் குறிப்பிட்ட ஒரு சந்தர்ப்பத்தில் அவர் செய்யும் செயலுக்கும் உள்ள தொடர்பு, முழுமைக்கு 1.0 என்று கொண்டால், 0.30ஐ அரிதாகவே தாண்டியது என்று அவர் காட்டினார். மனிதனை நடத்துவது அவனுடைய குணமா, அவன் நிற்கும் சந்தர்ப்பமா என்ற விவாதம் அதன்பின் பல்லாண்டுகள் நடந்தது. 1979இல் செய்மோர் எப்ஸ்டீன் என்பவர், ஒரே ஒரு நாளின் செயலைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது பயனற்றதாயினும், பல நாட்களின் செயல்களைச் சராசரியாகப் பார்த்தால் குணம் தெளிவாகப் புலப்படுகிறது என்று நிறுவினார். மிஷெலும் தம் பங்குக்கு ஓர் அரிய பாகுபாட்டை முன்வைத்தார். சந்தர்ப்பங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல, அவற்றுள் வலியவை உண்டு, மெலியவை உண்டு என்பதே அது.

வலிய சந்தர்ப்பம் என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்கு விளக்கவேண்டிய அவசியமே இல்லை. விடியற்காலையில் மணியோசை கேட்டதும் லயத்து வீடுகளிலிருந்து எழுந்துவந்து பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றவர்களுள், கூச்சமுடையவரும் இருந்தார், துடுக்கானவரும் இருந்தார், கவிதை கட்டுபவரும் கணக்கில் சூரரும் இருந்தனர். ஆனால் பெயர் கூப்பிடப்பட்டதும் அத்தனை பேரும் ஒரே விதமாகப் பதில் கொடுத்து, ஒரே விதமாக வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, தத்தம் நிரைக்குப் பால் வெட்டப் போனார்கள். வராவிட்டால் கூலி இல்லை, எதிர்த்துப் பேசினால் வீடு இல்லை என்ற நிலையில், மனிதர்களுக்கிடையே உள்ள பேதங்களெல்லாம் மறைந்துபோயின. மாலை வேளையில், கோயில் வாசலிலும் கடையோரத்திலும், கண்டிப்பு நீங்கிய அந்த மெலிய சந்தர்ப்பத்தில்தான் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுபவராகவும், இன்னொருவர் சண்டை தீர்ப்பவராகவும், மற்றொருவர் உடுக்கை அடித்துப் பாடுபவராகவும் தோன்றினார்கள். துரை தம் பங்களாவிலிருந்து பார்த்து, இந்த ஜனங்களுக்குத் தனித்த சுபாவமே கிடையாது என்று முடிவு கட்டியிருந்தால், அவர் கண்டது மனிதர்களை அல்ல, தாம் அமைத்து வைத்திருந்த சந்தர்ப்பத்தின் வலிமையை.

இந்தப் பாகுபாடு கைக்கு வந்ததும், நம் கேள்விக்கு ஒரு புதிய வடிவம் கிடைக்கிறது. எல்லோரும் ஒரே விதமாக நடந்தே தீரவேண்டும் என்று சூழ்நிலை தன் முழு பாரத்தையும் ஏற்றி நெருக்கும்போதும், எவருடைய செயல் அவருடைய சொந்த தர்மத்திலிருந்து வழுவாமல் நிற்கிறதோ, அவருடைய சுபாவமே வலியது. மற்றவர்களைத் தம் விருப்பத்துக்கு வளைப்பது ஒரு திறமை. தம்மை வளைக்க வரும் நிர்ப்பந்தத்தின் எதிரே தாம் தாமாக இருப்பது வேறு, அதுவே அரிது.

அத்தகைய நிர்ப்பந்தம் பேராக் மக்கள்மீது 1941 டிசம்பரில் இறங்கியது. ஜப்பானியப் படை வடக்கிலிருந்து வேகமாக முன்னேறி, விமானங்கள் ஈப்போவின்மீது குண்டு வீசிய நாட்களில், அந்நகரின் புரூஸ்டர் சாலையில் மருத்துவமனை நடத்திவந்த தம்பதியர் இருவர், பாப்பான் என்னும் பழைய ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். தைப்பிங்கில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த டாக்டர் கார்த்திகேசுவும், அவரை 1919இல் மணந்த தாதியும் மருத்துவச்சியுமான சிபில் கார்த்திகேசுவுமே அவர்கள். 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் ஐரோப்பிய ஆசியக் கலப்புக் குடும்பத்தில் பிறந்த சிபில், கந்தோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுபவர். ஈப்போவின் சீனர், தமிழர், மலாய்க்காரர் இல்லங்களில் இராப்பகலாகப் பிரசவம் பார்த்தவர். ஆழ்ந்த கத்தோலிக்க பக்தி உடையவர்.

பாப்பான் கடைத்தெருவில், 74ஆம் எண் வீட்டில் அவர் நடத்திய வைத்தியசாலைக்குப் பகலில் ஏழை ஜனங்கள் வந்தார்கள். இரவில், மலைக்காட்டிலிருந்து மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் காயம்பட்ட வீரர்கள் பின்வாசல் வழியே வந்தார்கள். அவர்களுக்கு மருந்திடுவது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று தெரிந்தே அவர் மருந்திட்டார்; அவருடைய கணவர் குண்டுகளை அறுத்தெடுத்தார். தடை செய்யப்பட்டிருந்த வானொலிப் பெட்டி ஒன்றை மறைவில் வைத்து, இலண்டன் செய்திகளைக் கேட்டு நம்பகமானவர்களுக்குச் சொல்லி வந்ததும் அந்த வீட்டில்தான். 1943இல் கணவரும் மனைவியும் வளர்ப்பு மகனும் பிடிபட்டார்கள். கெம்பித்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசார், காட்டிலிருப்பவர்களின் பெயர்களைக் கேட்டுச் சிபிலுக்குச் செய்த சித்திரவதைகளை விரிக்க மனம் இடந்தரவில்லை. அவருடைய சின்னஞ்சிறு மகளை அவர் கண்முன்னே மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி மிரட்டினார்கள் என்பதை மட்டும் சொல்லலாம். குழந்தை உயிர் பிழைத்தது, தாயின் வாயிலிருந்து ஒரு பெயரும் வெளிவரவில்லை. ஆயுள் தண்டனை பெற்றுப் பத்து காஜா சிறையில் கிடந்த அவரை, 1945இல் யுத்தம் முடிந்த பின்னரே மீட்க முடிந்தது. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்ட அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. ஆயினும் விசாரணையின்போது தாடையில் பட்ட உதையின் காயம் ஆறாமல் நஞ்சாகி, 1948 ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் உயிர் நீத்தார். அவருடைய பூதவுடல் மறு ஆண்டு ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

இப்படிப்பட்ட ஒருவரைக் கண்டால், பிறவியிலேயே இரும்பு நெஞ்சம் வாய்த்தவர் என்று சொல்லி, கைகூப்பி, நகர்ந்துவிடுவது சுலபம். அவ்வாறு செய்தால் அவரிடமிருந்து கற்க நமக்கு எதுவும் மிஞ்சாது. அவர் எவ்வாறு அப்படி நின்றார் என்று கேட்டால் விஞ்ஞானம் ஓரளவு விடை சொல்கிறது.

முதலாவது விடை, தனிமை பற்றியது. 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய ஆராய்ச்சியில், விஞ்ஞானி ஒருவர் அமைதியாகக் கட்டளையிட, அடுத்த அறையில் இருக்கும் மனிதருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொல்லப்பட்டது. அதிர்ச்சி மெய்யானதல்ல, கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. சாமானியரான 40 பேரில் 26 பேர், அலறல் கேட்டும், 450 வோல்ட்டு என்னும் உச்சவரம்பு வரை சென்றார்கள். ஆனால் அதே பணியில் உடன் அமர்ந்திருந்த இருவர் முடியாது என்று எழுந்துவிட்டபோது, இறுதிவரை கீழ்ப்படிந்தவர்கள் 40 பேரில் 4 பேராகக் குறைந்துபோனார்கள். மனிதர்களின் சுபாவம் ஒரு நொடியில் மாறிவிடவில்லை. மறுப்பதற்குத் துணை கிடைத்தது, அவ்வளவே. பாப்பான் வீட்டிலும் சிபில் தனியாக இருக்கவில்லை. கத்தி பிடித்த கணவர் இருந்தார். தகவல் கொண்டுவந்த அண்டை வீட்டார் இருந்தார்கள். வாயைத் திறக்காத ஊர் இருந்தது. வலிய ஆளுமை ஒற்றைத் தூணாக நிற்பது என்ற எண்ணத்தை நாம் கைவிடவேண்டும். அது பெரும்பாலும் ஒரு சிறு வட்டத்தின் நடுவில் நிற்பது.

இரண்டாவது விடை, வளர்ப்பைப் பற்றியது. ஐரோப்பாவில் நாஜிகளின் ஆட்சியில் தம் உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காப்பாற்றிய நூற்றுக்கணக்கானவர்களைச் சாமுவேல் ஆலினர், பேர்ல் ஆலினர் என்னும் தம்பதியர் பேட்டிகண்டு, 1988இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். காப்பாற்றியவர்களின் பெற்றோர், காப்பாற்றாதவர்களின் பெற்றோரைவிட, பிள்ளைகளைக் குறைவாக அடித்தும், தவறு ஏன் தவறாகிறது என்று அதிகமாக எடுத்துச் சொல்லியும் வளர்த்திருந்தார்கள். தம் இனத்தார் என்ற எல்லையைத் தாண்டி எல்லா மனிதரிடத்தும் கடமை உண்டு என்ற உணர்வும் காப்பாற்றியவர்களிடம் மிகுந்திருந்தது. இன்னொரு செய்தியும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தாமாகத் தேடிப்போய் உதவத் தொடங்கியவர்கள் அல்லர். கதவைத் தட்டி யாரோ கேட்டார்கள், அவர்களால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

மூன்றாவது விடை, பழக்கத்தைப் பற்றியது. பாலப் பருவத்தில் ஹங்கேரியில் நாஜிகளிடமிருந்து உயிர்தப்பிய எர்வின் ஸ்டாப் என்ற மனோதத்துவ அறிஞர், நன்மை செய்பவர்கள் அதைச் செய்யச் செய்யவே அத்தகையவர் ஆகிறார்கள் என்று வற்புறுத்தினார். சிபில் கார்த்திகேசு சிறையில் திடீரென்று தைரியசாலி ஆகவில்லை. எந்த வேளையில் அழைப்பு வந்தாலும், எந்த ஜாதி, எந்த மதத்தார் வீடாயினும் எழுந்து போகும் தொழிலில் அவர் பல வருஷங்கள் இருந்தார்; முதலில் ஒரு புண்ணுக்குக் கட்டுப் போட்டார், பிறகு மருந்து கொடுத்தனுப்பினார், பிறகு குண்டு பாய்ந்தவரை வீட்டுக்குள் அனுமதித்தார். ஒவ்வொரு சிறு செயலும் அடுத்ததை இயல்பாக்கியது. விசாரணை அறையில் அவரிடம் கேட்கப்பட்டது, அதுவரை தாம் வாழ்ந்த வாழ்க்கை அனைத்தையும் மறுதலிக்கவேண்டும் என்பதுதான். அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அதே கெம்பித்தாயின் கையில் வேதனை பொறுக்கமாட்டாமல் பேசிவிட்டவர்களும், ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்கு லாரிகளில் ஏற்றப்பட்டபோது எதிர்க்க வழியின்றிப் போன ஆயிரமாயிரம் தோட்டத்துத் தமிழர்களும், சுபாவத்தில் மெலிந்தவர்கள் என்று எவரும் தீர்ப்பளிக்கலாகாது. உடலின் சக்திக்கு எல்லை உண்டு; தேர்ந்தெடுக்க வழியே விடாத சந்தர்ப்பமும் உண்டு. எவரிடத்திலும் நாம் கேட்கத்தக்கது, தமக்கு இருந்த சிறு இடைவெளியை அவர் என்ன செய்தார் என்பதுதான்.

வலிய ஆளுமைக்கு ஒரே உருவந்தான் என்று எண்ணாமலிருக்க, இதே மாநிலத்தின் வேறு இருவரை நினைப்பது பயன் தரும். ஈப்போவில் 1953இல் உருவான மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவர் டி. ஆர். சீனிவாசகம் ஒரு வழக்கறிஞர். கனல் பறக்கப் பேசுபவர். அமைச்சர் ஒருவர்மீது நாடாளுமன்றத்துக்குள் அவர் ஊழல் குற்றம் சாட்டியபோது, சபைக்குள் சட்டப் பாதுகாப்பு இருப்பதால்தான் இப்படிப் பேசுகிறார், வெளியே சொல்லட்டும் என்று அறைகூவல் எழுந்தது. அவர் வெளியே வந்து அதையே சொன்னார்; அமைச்சர் தொடுத்த அவதூறு வழக்கு தோற்றது. பாதுகாப்பான சந்தர்ப்பத்திலும் ஆபத்தான சந்தர்ப்பத்திலும் ஒரே சொல்லைச் சொன்னதில்தான் அவருடைய வலிமை இருந்தது. கனல் பறந்தது அவருடைய பாணி.

சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தனோ இதற்கு நேர்மாறான சாந்த சுபாவி. ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்று வெளியேற, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்க, தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்து நின்றன. அப்போது அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கலாம் என்று எடுத்துச் சொல்லி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார்; மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் உடைமையாயிற்று. பால் வெட்டுபவன் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆவதாவது என்ற அவநம்பிக்கையை, அவர் குரலை உயர்த்தாமலே, சலிக்காமலே வென்றார். புறநோக்கிலும் இணக்கத்திலும் இவ்விருவரும் இரு துருவங்கள். கொண்ட கருத்துக்கும் செய்த செயலுக்கும் இடையே பிளவில்லாமை இருவருக்கும் பொது.

இனி, இது பிறப்பால் வருவதா, வளர்ப்பால் வருவதா என்ற பழைய கேள்வி. இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு நடத்தப்பட்ட ஆராய்ச்சிகள், மனிதருக்கு மனிதர் சுபாவத்தில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவிகிதம் பரம்பரையோடு தொடர்புடையது என்று காட்டுகின்றன. எஞ்சியது வாழ்க்கையின் கையில் இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் காலத்திலிருந்து இம்மாநிலத்தவர் அறிந்த உண்மைதான் இது: நல்ல ஜாதிக் கன்றே ஆனாலும், மண்ணும், மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டத் தெரிந்த கையும் சேர்ந்தே பாலின் அளவை நிர்ணயிக்கின்றன. மேலும், சுபாவம் இளமையோடு இறுகிப்போவதும் இல்லை. பல்லாண்டுகள் ஒரே மனிதர்களைத் தொடர்ந்து கவனித்த 92 ஆராய்ச்சிகளை 2006இல் பிரென்ட் ராபர்ட்ஸ் முதலியோர் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே, வேலையும் குடும்பமுமான பொறுப்புகள் தோளில் ஏறும் பருவத்தில்தான், கடமை ஒழுங்கும் மனநிதானமும் பெரும்பாலோரிடம் மிகுதியாக வளர்வதைக் கண்டார்கள்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல, செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. பெரட்டுக்கு எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவின் புந்தோங்கிலும் பிற புறநகர்களிலும் வாழ்கிறார்கள். விடியற்காலை மணி நின்றுவிட்டது. ஆனால் கூட்டத்தோடு ஒத்துப்போகச் சொல்லும் நிர்ப்பந்தம் நிற்கவில்லை. பள்ளித் தோழர்களின் ஏளனமும், குழுச் சண்டைக்கு இழுக்கும் நண்பர்களும், கைப்பேசித் திரையில் பெருகும் பொய்ச் செய்தியும் இன்றைய வலிய சந்தர்ப்பங்கள். அவற்றின் எதிரே நம் பிள்ளைகள் உறுதியாக நிற்கவேண்டும் என்று விரும்பினால், மேடையில் உரக்கப் பேசப் பழக்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பிரம்பை எடுக்கும் இடத்தில் காரணத்தை எடுத்துச் சொல்லவேண்டும்; அடிக்குப் பயந்து நல்லவனாக இருப்பவன், அடிப்பவர் மாறியதும் தானும் மாறிவிடுவான். அயலார் வீட்டு நோய்க்கும் இழவுக்கும் பிள்ளையை உடன் அழைத்துப்போய், சிறு சிறு உதவிகளை அவன் கையாலேயே செய்விக்கவேண்டும். எல்லோரும் ஆம் என்று சொல்லும்போது இல்லை என்று சொன்ன பிள்ளையை, அவன் சொன்னது சரியாக இருக்குமானால், வீட்டார் முதல் துணையாக நின்று ஆதரிக்கவேண்டும். அந்த முதல் துணை கிடைத்தவனே நாளைக்கு இன்னொருவனுக்குத் துணையாவான். இவை யாவும் பணமோ பதவியோ இல்லாத எந்தக் குடும்பத்துக்கும் கைகூடக்கூடியவை. வலிய ஆளுமை உருவாவதற்கு விஞ்ஞானம் இதுவரை கண்டுள்ள வழிகளும் இவையே.